கலர் வராத மிஷின்

“இதுல கலர் வராதே, வசு. எனக்குக் கலர் வேணுமே.”

இதேதான். ஒரு வார்த்தை கூட்டலை, ஒரு வார்த்தை குறைக்கலை. கடை நடுவுல நின்னுக்கிட்டு, பொம்மை கேக்கற பிள்ளை மாதிரி இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார் எங்க வீட்டுக்காரர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஜி.எஸ்.டி. பேப்பருக்கு எதுக்குங்க கலர்? வரி கட்டறவன் வயிறெரிஞ்சு கட்டறான், அதைக் கலர்ல வேற பாக்கணுமா அவன்?” கடைக்காரரே சிரிச்சுட்டார். இவர் சிரிக்கலை. மறுபடி அதே. “இதுல கலர் வராதே, வசு.”

இப்ப நீங்களும் வந்து அதே பல்லவியைப் பாடறீங்க. கலர் பிரிண்டர் வாங்கலாமா, கறுப்பு வெள்ளை போதுமா, எது நல்லதுன்னு. உட்காருங்க முதல்ல. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதுல உட்காருங்க. அனுசுயாதானே உங்க பேரு? எதிர் பிளாட்டுக்கு வந்தும் ஆச்சு, பால் காய்ச்சினதும் ஆச்சு, இப்பத்தான் இந்த வாசல் கண்ணுல பட்டுதா? பரவாயில்லை. உங்க பையன் படியில குதிச்சுக் குதிச்சு இறங்கற சத்தம் தினம் கேக்கும். நாலாவதா? ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்னு உயிரை எடுக்கறாங்களா? எடுப்பாங்க. பிள்ளைக்குக் கொடுத்த வீட்டுப் பாடத்தைப் பெத்தவங்க செய்யணும், அதுக்கு டீச்சர் ஸ்டார் போடணும். எங்க கான்வென்ட்ல சிஸ்டர் பிலோமினா இருந்தாங்க. அம்மா கையால ஒரு கோடு போட்டிருந்தாலும் நோட்டு ஜன்னல் வழியாப் பறக்கும்.

வாசல்ல போர்டைப் பார்த்திருப்பீங்க. கனகசபை, வரி ஆலோசகர். ஆலோசகர் வீடாச்சே, நல்ல மிஷினா வெச்சிருப்பாங்க, சாரைக் கேட்டுக்கிட்டு வாங்கலாம்னு வந்திருக்கீங்க. சார் இல்லைம்மா. போன ஆவணியில போயிட்டார்.

ஐயோ, எழுந்திருக்காதீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, தெரியாமதானே வந்தீங்க? போர்டு ஆணி துருப்பிடிச்சுக் கிடக்கு, கழட்ட வரமாட்டேங்குது. அதனால அவர் பேரு மட்டும் இன்னும் வாசல்ல ஆபீஸ் நடத்திக்கிட்டு இருக்கு. உட்காருங்க. பிரிண்டர் விஷயத்துல அவரைவிட எனக்கு நல்லாவே தெரியும். தேர்ந்தெடுத்ததே நான்தான்.

அதோ, மூலையில, பூப்போட்ட துணி மூடி இருக்கு பாருங்க. அதுதான். பிரிண்ட் போடும், ஜெராக்ஸ் எடுக்கும், ஸ்கேன் பண்ணும். ஃபேக்ஸும் அனுப்பும்னார் கடைக்காரர். “யாருக்கு, எங்க மாமனாருக்கா? அவர் சொர்க்கம் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சே”ன்னேன். அதுக்கப்புறம் அந்தாள் ஃபேக்ஸ் பேச்சையே எடுக்கலை. மேல ஒரு தட்டு இருக்கு. பில்லைக் கத்தையா வெச்சா, அதுவே ஒண்ணொண்ணா இழுத்து ஸ்கேன் பண்ணிக்கும். எங்க வீட்டுக்கு அதுதான் முக்கியம். உறையூர்ல பாதிக் கடைக்கு இவர்தான் கணக்கு. மஞ்சப் பையில, பிளாஸ்டிக் டப்பாவுல, ஒருத்தர் சாக்கு மூட்டையிலயே கொண்டு வந்து பில்லைக் கொட்டுவார். அதையெல்லாம் இவர் ஒவ்வொண்ணா போன்ல படம் எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார், கழுத்தை ஒடிச்சுக்கிட்டு. பாக்கச் சகிக்காமதான் நானே கிளப்பினேன், “வாங்க, போய் ஒரு மிஷின் வாங்கிட்டு வரலாம்”னு.

நல்லாக் கேட்டுக்கோங்க. மிஷின் ரெண்டு ஜாதி. ஒண்ணு, மை ஊத்தறது. நாலு பாட்டில் மை, நாலு தொட்டி. கலர் அப்படியே கண்ணைப் பறிக்கும். இன்னொண்ணு லேசர், பொடி போடறது. நம்ம விலைக்குக் கறுப்பு மட்டும்தான். ஆனா வேகம். தண்ணி பட்டாலும் எழுத்து கரையாது, மாசக் கணக்கா சும்மா கிடந்தாலும் பட்டனைத் தட்டினா எழுந்து வேலை பாக்கும். மை மிஷின் அப்படி இல்லை. சும்மா விட்டா மை காஞ்சு அடைச்சுக்கும். கடைக்காரரே சொன்னார், “மேடம், வாரம் ஒரு கலர் பக்கமாவது போட்டுக்கிட்டே இருங்க. இல்லாட்டி கோளாறு பண்ணும், பக்குவமா பாத்துக்கணும்”னு. எனக்கு வந்துச்சே கோவம். “வாரா வாரம் பக்குவமா பாத்துக்க இன்னொண்ணா? வீட்டுல இருக்கறது ஒண்ணு போதாதா எங்களுக்கு?”ன்னு கேட்டேன்.

அவ்வளவுதான். அதோட கலர் பேச்சு முடிஞ்சுது. இவர் என்னைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், “லேசருக்கே பில் போட்டுடுங்க”ன்னுட்டார். என் பேச்சுல இருந்த நியாயம் புரிஞ்சிருக்கும். வண்டியில வர்றப்ப எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் பெட்டி. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலை. சரி, பெட்டி ஆடாம வண்டி ஓட்டறதுல கவனமா இருக்கார்னு நானும் விட்டுட்டேன்.

அவர் எதுக்குக் கலர் கேட்டார்னு சொல்லலையே. எங்க பொண்ணுக்கு.

மிருதுளா. பார்த்திருப்பீங்க, பால்கனிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. பத்தொன்பது நடக்குது. காது நல்லாக் கேக்கும். நாம பேசறது எல்லாம் புரியும். பேச்சு மட்டும் இல்லை. பொறந்ததுல இருந்தே இல்லை. யாராவது புதுசா வந்தா உள் ரூமுக்குப் போயிடுவா, அப்புறம் அவளாத்தான் வருவா. பயந்துக்காதீங்க, ஒண்ணும் பண்ண மாட்டா.

எப்படி இருந்திருக்கும் எனக்குன்னு யோசிச்சுப் பாருங்க. பேச்சுப் போட்டின்னா ஸ்கூல்ல என் பேரைத்தான் முதல்ல எழுதுவாங்க. “வாயைத் திறந்து பேசு! பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசறது எலி கொறிக்கற மாதிரி இருக்கு”ன்னு சிஸ்டர் பிலோமினா ஸ்கேலால மேஜையைத் தட்டுவாங்க. மேடையில நான் நின்னா கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். எனக்குப் போய் இப்படி ஒரு பொண்ணு. விட்டுடுவேனா? கண்ணாடி முன்னாடி உட்கார வெச்சு, என் தொண்டையில அவ கையை வெச்சு, ‘ம்மா’ சொல்லு, ‘ப்பா’ சொல்லு. தண்ணி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு, “‘த’ சொல்லு, தர்றேன்.” மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கேன். ‘த’கூட வேண்டாம், உதட்டை அசைச்சாப் போதும்னு இறங்கி வந்தேன். அவ டம்ளரையே பார்த்துக்கிட்டு இருப்பா. இவர் ஆபீஸ் ரூம்ல இருந்து எழுந்து வருவார், என் கையில இருக்கற டம்ளரை வாங்கி அவகிட்ட கொடுத்துட்டுப் போயிடுவார். நான் கட்டின கோட்டையை ஒரே மடக்குல குடிச்சுட்டு அவ எழுந்து போயிடுவா.

அப்புறம் ஒரு ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்தோம். அங்க இருந்த டீச்சர் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தாங்க. அட்டை. என்ன வேணுமோ அதோட படம் போட்ட சின்ன அட்டை. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். ஒரு ஃபைல்ல வரிசையா ஒட்டி வெச்சிருக்கும், இழுத்தாக் கையோட வந்துடும். பால் வேணும்னா பால் அட்டையை எடுத்து நம்ம கையில கொடுக்கணும். கொடுத்துட்டு அவ கையை நீட்டுவா. நாம பாலைக் கொடுக்கணும். அவ்வளவுதான். “என்னங்க இது, வீடா ரேஷன் கடையா? சீட்டைக் காட்டினாச் சாமான்!”னு கேட்டேன். “ஆமா வசு, ரேஷன் கடைதான். கடைக்காரன் கதவைச் சாத்தாம இருந்தாச் சரி”ன்னு சிரிச்சார். அவர் தமாஷ் பேசறதே அபூர்வம், அதுவும் இப்படித்தான் இருக்கும்.

அவளுக்கு அந்த அட்டை பிடிச்சுப் போச்சு. அதுதான் என் வயித்தெரிச்சல். நான் பதினோரு வருஷம் தொண்டை கிழியக் கத்தினதுக்கு அசையாதவ, இவர் நாலு அட்டையை ஒட்டிக் கொடுத்ததும் ஓடி ஓடி எடுத்துக்கிட்டு வர்றா. தோசைக்கு ஒரு அட்டை, மோருக்கு ஒண்ணு, குளிக்க ஒண்ணு, மொட்டை மாடிக்கு ஒண்ணு. அட்டைக்குப் பழகிட்டா வாய் எப்படித் திறக்கும்? நியாயமாச் சொல்லுங்க. நான் சண்டை போட்டேன். அட்டையை வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு, “வாயால கேளு”ன்னு நிப்பேன். அப்பத்தான் இவர் ஒரு நாள் ரூம்ல இருந்து வந்து, நின்னு, முழுசா ஒரு பேச்சுப் பேசினார். எங்க கல்யாணத்துக்கப்புறம் அவர் பேசின நீளமான பேச்சு அதுதான்னு நினைக்கறேன். “கேட்டதைக் கொடுத்துடு வசு. கேட்டும் கிடைக்கலைன்னா, அவ கேக்கறதையே விட்டுடுவா. அப்புறம் நாம அவளை எங்கன்னு போய்த் தேடறது?”

சினிமா வசனம் மாதிரி இல்லை? நான் அப்படித்தான் சொன்னேன். “நல்லா வசனம் பேசறீங்க, இதுல பாதியை அவளுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா கடவுள்”னு.

அந்த அட்டைக்குத்தான் கலர். நல்லாப் புரிஞ்சுக்கோங்க, படத்தை அவளுக்கு உருவத்தை வெச்சுத் தெரியாது, கலரை வெச்சுத்தான் தெரியும். வெள்ளை டம்ளர் பால். அதே டம்ளர்ல மேல பச்சையா கறிவேப்பிலை மிதந்தா மோர். பழுப்பா இருந்தா டீ. லேமினேஷன் பண்ணினாலும் அவ கையில ரொம்ப நாள் தாங்காது. கடிப்பா, முனையைப் பிய்ப்பா, மறுபடி போடணும். கலர் மிஷின் வீட்டுல இருந்தா நினைச்ச நேரத்துல போட்டுக்கலாம்னு அவருக்கு ஆசை. அதைக் கடையிலயே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்லையா? “வசு, மிருதுவோட அட்டைக்கு வேணும்”னு ஒரு வரி. நான் என்ன ராட்சசியா? “எனக்குக் கலர் வேணுமே, எனக்குக் கலர் வேணுமே”ன்னு நின்னா, எனக்கு ஜோசியமா தெரியும்? வாய் இல்லாத பொண்ணு ஒரு பக்கம், வாய் இருந்தும் பேசாத மனுஷன் ஒரு பக்கம், நடுவுல மாட்டிக்கிட்டது நான்.

அப்புறம் என்ன, லேசர் வந்த பிறகும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில கலர் பிரிண்ட் போட்டுக்கிட்டு, பழுப்புக் கவர்ல வெச்சு, சட்டைக்குள்ள மறைச்சுக் கொண்டு வருவார். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. சட்டைக்குள்ள கவர் வெச்ச மனுஷன் தஞ்சாவூர் பொம்மை மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தா, யாருக்குத்தான் தெரியாது?

எல்லா அட்டையிலும் அவளுக்கு உசத்தி, ‘அப்பா’ அட்டை. மஞ்சள் டீ-சர்ட்ல, கையில காபி டம்ளரோட, எதையோ பார்த்துச் சிரிக்கற மாதிரி ஒரு படம். போன்ல எடுத்ததுதான். வேற எந்தப் படத்துலயும் அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை, கல்யாண ஆல்பத்துல கூட. எனக்கு அட்டை கிடையாது. கேட்டேன். “நீ எப்பவும் வீட்டுலதானே இருக்க, உன்னை எதுக்கு அவ கேக்கணும்?”னார். எப்படி இருக்கு கதை!

அவர் வெளியில போயிருக்கறப்ப இவ அந்த அட்டையைக் கொண்டு வந்து என் கையில கொடுப்பா. நான் உடனே போன் போடணும். போட்டா, “சீட்டு வந்துடுச்சா? இதோ கிளம்பிட்டேன்”னு வந்துடுவார். எங்க இருந்தாலும். ஒரு தடவை கரூர்ல ஒரு பெரிய பார்ட்டி, கணக்கு பாதியில நிக்குது, அப்படியே மூடி வெச்சுட்டு பஸ் ஏறி வந்துட்டார். “அவ சும்மா கேக்கறா, வழக்கமாக் கேக்கறதுதான், கொஞ்ச நேரத்துல மறந்துடுவா”ன்னு எவ்வளவு சொன்னேன். “இல்லை வசு, அட்டையைக் கொடுத்துட்டா. கொடுத்தா வந்தாகணும்”னார். வந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஊஞ்சல்ல உட்கார்ந்திருப்பார். அதுக்குத்தான் அவ்வளவு தூரம். சும்மா உட்கார.

ஆவணியில ஒரு நாள் தஞ்சாவூர் போனார். வேலை விஷயமா. மத்தியானம் சாப்பாடு ஆனதும் இவ அட்டையைக் கொண்டு வந்து கொடுத்தா. நான் போன் போட்டேன். வேற யாரோ எடுத்தாங்க. “இந்த போனுக்குச் சொந்தக்காரர் உங்களுக்கு என்ன வேணும்மா?”ன்னு கேட்டாங்க.

பஸ் ஸ்டாண்டுலயே. பெஞ்சுல உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே. கையில திருச்சி டிக்கெட் கூட இருந்துதாம். இல்லை, டிக்கெட் பஸ்ஸுலதானே தருவாங்க, அது போனப்ப வாங்கின டிக்கெட்டா இருக்கும். எனக்குச் சரியாத் தெரியலை.

சாயங்காலம் வந்தார். ஆம்புலன்ஸ்ல. சீட்டைக் கொடுத்தா வந்துதானே ஆகணும், வந்துட்டார். கூடத்துல இறக்கிப் படுக்க வெச்சாங்க. இவ பக்கத்துல வந்து உட்கார்ந்தா. கையைப் பிடிச்சுக்கிட்டா. அழலை. ஊஞ்சல்ல எப்படி உட்காருவாளோ, அப்படி. அழுதுக்கிட்டு இருந்த பொம்பளைங்க எல்லாம் அழுகையை நிறுத்திட்டு இவளையே பார்த்தாங்க. எடுக்கற நேரத்துல எதிர் பிளாட்டுல, அதான், நீங்க இப்ப இருக்கற வீட்டுல, அப்ப இருந்தவங்க அவளைக் கூட்டிக்கிட்டுப் போய் உள்ளே உட்கார வெச்சுட்டாங்க. எதுக்கு அதையெல்லாம் பார்த்துக்கிட்டுன்னு. அவ திரும்பி வந்து பார்த்தா, கூடம் கழுவி விட்டிருக்கு. அவர் இல்லை.

படம் மாட்டணும் இல்லையா? நல்ல படமே இல்லை. ஆதார் கார்டுல இருக்கறதைப் பார்த்தா சொந்தத் தம்பிக்கே அடையாளம் தெரியாது. என் நாத்தனார் பத்மாவதி இருக்காளே, அவ ஃபைலைப் புரட்டி அந்த ‘அப்பா’ அட்டையை எடுத்துட்டா. “இதுல அண்ணன் முகம் எவ்வளவு லட்சணமா இருக்கு!”ன்னு ஸ்டூடியோவுக்குக் கொண்டு போயிட்டா. கம்ப்யூட்டர்ல அதே படம் இருக்கறது அப்ப யாருக்கும் தோணலை. அவங்க ஸ்கேன் பண்றதுக்காக லேமினேஷனைப் பிரிச்சிருக்காங்க, மை அதோட சேர்ந்து உரிஞ்சு வந்துடுச்சு. அட்டை போச்சு. ஆனா பெரிய படம் வந்துச்சு. மஞ்சள் டீ-சர்ட்டை எடுத்துட்டு கோட்டு, டை மாட்டி விட்டிருக்காங்க. பின்னாடி நீல வானம். காபி டம்ளர் போயிடுச்சு. வாழ்நாள்ல கோட்டுப் போடாத மனுஷன், கலெக்டர் மாதிரி. நானே ஒரு நிமிஷம் யாருடா இதுன்னு பார்த்தேன். சிரிப்பு மட்டும் அதேதான். அதை மட்டும் அவங்களால மாத்த முடியலை.

சந்தன மாலை போட்டு, பொட்டு வெச்சு, சின்ன பல்பு எரிய விட்டு, அந்தச் சுவத்துல மாட்டினோம். ஆணி தெரியுதா? வெறும் ஆணிதானே இருக்கு? அதைத்தான் சொல்ல வர்றேன்.

மறுநாளே ஆரம்பிச்சுட்டா. படத்தைக் கழட்டி, மாலையை உருவிப் போட்டுட்டு, தூக்க முடியாமத் தூக்கிக்கிட்டு வந்து என் மடியில வெச்சா. வெச்சுட்டு நின்னா. நான் வாங்கி மறுபடி மாட்டினேன். மறுபடி கழட்டினா. ஆணியை உயரத்துல அடிச்சேன், ஸ்டூல் போட்டு ஏறினா. ஸ்டூலை மறைச்சு வெச்சேன், ஊஞ்சலைச் சுவர்ப் பக்கம் இழுத்து, ஏறி விழுந்து முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டா. பத்மாவதி என்னடான்னா, “அண்ணியாரே, அண்ணன் ஆத்மா சாந்தி அடையலை, இவ மூலமா எதையோ உணர்த்தறார்”னு ஆரம்பிச்சுட்டா. உசிரோட இருந்தப்பவே எதையும் உணர்த்தாத மனுஷன், செத்தா உணர்த்துவார்? ஒரு வேளை மாலை வாசனை பிடிக்கலையோன்னு எடுத்துட்டேன். கோட்டுதான் பிடிக்கலையோன்னு கூட யோசிச்சேன்.

கொண்டு வந்து வெச்சுட்டு கையை நீட்டிக்கிட்டே நிப்பா. எதையாவது கொடுக்கற வரைக்கும் நகர மாட்டா. பிஸ்கட் கொடுத்தேன், தள்ளிட்டா. மோர் கொடுத்தேன், தள்ளிட்டா. என் செயினைக் கழட்டிக் கொடுத்தேன். அதைத் திருப்பி என் கழுத்துலயே போட்டுட்டு, மறுபடி கையை நீட்டினா. இப்படி நின்னு நின்னு, சாயங்காலம் ஆனா தானே போய்ப் படுத்துடுவா.

இதுல இன்னொரு கூத்து. பழைய அட்டையெல்லாம் கிழிஞ்சு போச்சு. சத்திரத்துக்கு யார் போறது? இவளைத் தனியா விட்டுட்டு நான் தெருமுனை கூடத் தாண்ட முடியாது. சரி, நம்ம வீட்டுல மிஷின் இருக்கேன்னு நானே உட்கார்ந்து போட்டேன். அவர் கம்ப்யூட்டர்ல எல்லாப் படமும் அழகா வரிசையா வெச்சிருக்கார். பால், மோர், டீ, தோசை எல்லாம் போட்டேன். டக் டக்னு வந்து விழுந்துது, வேகத்துக்குக் கேக்கணுமா! வெட்டி, ஒட்டி, ஃபைல்ல மாட்டினேன். அவ ஒவ்வொண்ணா எடுத்து முகத்துக்குக் கிட்ட வெச்சுப் பார்த்தா. எல்லாம் ஒரே சாம்பல். பாலுக்கும் மோருக்கும் எனக்கே வித்தியாசம் தெரியலை. ஒரு அட்டையைக் கொண்டு வந்து கொடுத்தா. பாலைக் கொடுத்தேன். அவ கேட்டது மோர் போல. இன்னொரு நாள் வேற எதையோ கேட்டா, நான் வேற எதையோ கொடுத்தேன். அதுக்கப்புறம் ஃபைலைத் தொடறதையே விட்டுட்டா. வெச்சதைச் சாப்பிடறா. வெக்கலைன்னா சும்மா இருக்கா. நேத்து தண்ணி கூடக் கேக்கலை. நானாத்தான் கொண்டு போய்க் கொடுத்தேன், கடகடன்னு ஒரு சொம்பையும் குடிச்சா.

அந்தப் படத்தை மட்டும்தான் இன்னும் கொண்டு வர்றா.

‘அப்பா’ அட்டையையும் போட்டுப் பார்த்தேன், கறுப்பு வெள்ளையில. கையில வாங்கிப் பார்த்துட்டு, பழைய பேப்பர் கட்டு மேல கொண்டு போய் வெச்சுட்டு வந்துட்டா.

எனக்கு விஷயம் பிடிபட்டுப் போச்சும்மா. என்ன இருந்தாலும் பெத்தவ இல்லையா? அவ அந்த அட்டையைத்தான் தேடறா. சின்ன அட்டை இல்லாததால பெரிய படத்தைத் தூக்கறா. அந்த மஞ்சள் டீ-சர்ட் அட்டை மட்டும் கையில கிடைச்சுட்டா, படத்தை விட்டுடுவா. ஃபைலையும் பழையபடி எடுத்துப்பா. எல்லாம் சரியாப் போயிடும். ஒரு அட்டை, அவ்வளவுதான் விஷயம். அதுக்குப் போய் ஆத்மா, சாந்தின்னு.

அதனால நீங்க கலரே வாங்குங்க. மை ஊத்தறது. வாரம் ஒரு பக்கம் போட்டுக்கிட்டே இருங்க, அடைச்சுக்காது. உங்களுக்கு ப்ராஜெக்ட் இல்லாத வாரத்துல… நான் ஒண்ணு கேக்கணும். எனக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை, பார்த்துக்கோங்க. பரிசு கொடுத்தா மேடை ஏறி வாங்குவேன், கையை நீட்டி ஒருத்தர்கிட்ட எதையும் கேட்டதில்லை. நீங்க மிஷின் வாங்கினதும்…

இதோ, வந்துட்டா. மிருது, வா. இவங்க அனுசுயா ஆன்ட்டி. எதிர் வீடு.

பயப்படாதீங்க, ஒண்ணும் செய்ய மாட்டா. படம்தான். கனம், ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க. ஆமா, உங்க மடியிலதான் வெக்கறா. என்கிட்ட கொடுத்துக் கொடுத்துப் பார்த்துட்டா இல்லையா, இன்னிக்குப் புதுசா ஒரு ஆள் கிடைச்சிருக்கு. வெச்சுக்கோங்க, கண்ணாடி கீழே படாம. பார்த்தீங்களா, எப்படிச் சிரிக்கறார்? கோட்டை மறைச்சுக்கிட்டுப் பாருங்க, முகத்தை மட்டும். அதான் அவர்.

கையை நீட்டறா. நீட்டிக்கிட்டேதான் இருப்பா. நீங்க அவளைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. மிருது, ஆன்ட்டிக்கு எதுவும் தெரியாது, கையை இறக்கு.

நான் கேக்க வந்ததைச் சொல்லி முடிச்சுடறேன். நீங்க மிஷின் வாங்கினதும், உங்க பையனோட ப்ராஜெக்டுக்கு முன்னாடி, ஒரே ஒரு பக்கம் எனக்குப் போட்டுக் கொடுங்க. படத்தை நான் பென் டிரைவ்ல தர்றேன். பேப்பரும் நானே தர்றேன். வேற ஒண்ணும் வேண்டாம், மஞ்சள் மட்டும் மஞ்சளா வரணும். அவர் போட்டிருந்தாரே, நல்ல வாழைப்பழ மஞ்சள், அப்படி.

ஏம்மா, ஏன் அவளையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க? கண்ணைத் துடைச்சுக்கோங்க. நான் கேட்டது ஒரு பக்கம்தானே? போட்டுத் தருவீங்கதானே?

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.